எத்தனை குண்டு, யார் சொன்னது? அணு ஆயுத நாடுகளின் வெளிப்படைத்தன்மையை நீங்களே குறித்து வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"மேடம், இந்தியாகிட்ட 180 அணுகுண்டு இருக்கு."

அண்ணா நகரில் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் நடப்பு நிகழ்வுகள் எடுக்கிறேன். பின்வரிசைத் தம்பி ஒருவன் சொன்ன பதில் இது. "யாருப்பா சொன்னது?" என்று கேட்டேன். "கவர்மென்ட்தான் மேடம்." "எந்த மந்திரி? எந்தத் தேதி?" போனை எடுத்துத் தேடினான். பக்கத்து நாற்காலிப் பெண்ணும் சேர்ந்து தேடினாள். கிடைக்கவில்லை. கிடைக்கவும் கிடைக்காது. தன்னிடம் எத்தனை அணுகுண்டு இருக்கிறது என்று இந்திய அரசு எண் சொன்னதே இல்லை. 180 என்பது ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் இயங்கும் சிப்ரி என்ற அமைதி ஆய்வு நிறுவனம் 2025 ஜனவரி நிலவரமாகப் போட்ட மதிப்பீடு.

மதிப்பீடு தவறு என்று சொல்லவில்லை. ஒரு அரசு தன் வாயால் சொன்ன எண்ணும், வெளியாள் கணக்குப் போட்டுச் சொன்ன எண்ணும் வேறு வேறு. நாளிதழில் இரண்டும் ஒரே வரியில் வந்துவிடுகின்றன. நம் வரிப்பணத்தில், நம் பெயரைச் சொல்லி வைத்திருக்கும் ஆயுதங்களைப் பற்றி எது தெரியும், எது தெரியாது என்று நமக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அந்த வகுப்புக்குப் பிறகு பிள்ளைகளோடு சேர்ந்து நான் செய்துவரும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு நோட்டு, ஒரு போன், நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் போதும். வீட்டில் இடமில்லாதவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது.

படி 1: நோட்டைத் தயார் செய்யுங்கள்

அணு ஆயுதம் வைத்திருக்கும் நாடுகள் ஒன்பது: அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா, இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல், வட கொரியா. நாட்டுக்கு எதிரெதிர் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். இடது பக்கம் எண்ணிக்கைக்கு, வலது பக்கம் கொள்கைக்கு. இரண்டையும் கலக்காதீர்கள். ஒரு நாடு எண்ணை மறைத்துவிட்டுக் கொள்கையை வாய்நிறையச் சொல்லும். இன்னொன்று தலைகீழாகச் செய்யும்.

ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு கட்டம் போடுங்கள். என்ன சொன்னார்கள், யார் சொன்னது, எந்தத் தேதி, யாரிடம் சொன்னார்கள், யாராவது நேரில் போய்ச் சரிபார்க்க முடியுமா, எப்போது சொல்வதை நிறுத்தினார்கள். ஆறாவது கட்டத்தை நிறையப் பேர் வீண் என்று விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் அதுதான் முக்கியமானது. மௌனத்துக்கும் தேதி உண்டு. அந்தத் தேதியை எழுதி வைக்காவிட்டால், நேற்றுவரை வெளியே சொன்ன விஷயம் இன்றைக்கு ரகசியமாகிப் போனது யார் கண்ணிலும் படாது.

படி 2: எதை எண்ணுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்

ஏவுகணையின் தலையில் பொருத்தும் குண்டை வார்ஹெட் என்கிறார்கள். வெடிமுனை என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏவுகணையில் ஒரு வெடிமுனையும் இருக்கலாம், பலவும் இருக்கலாம். அதனால் ஏவுகணை எண்ணிக்கையும் வெடிமுனை எண்ணிக்கையும் ஒன்றாகாது.

வெடிமுனைகளிலேயே மூன்று நிலை உண்டு. ஏவுகணையில் மாட்டி வைத்தவை அல்லது விமானத் தளத்தில் தயாராக இருப்பவை முதல் நிலை. கிடங்கில் இருந்தாலும் ராணுவத்தின் கணக்கில் உள்ளவை இரண்டாவது. ஓய்வு கொடுத்துப் பிரித்தெடுக்கக் காத்திருப்பவை மூன்றாவது. சிப்ரியின் 2025 ஜனவரிக் கணக்கில் உலகம் முழுக்க 12,241. அதில் ராணுவக் கையிருப்பு 9,614. முதல் நிலையில், தயாராக இருப்பவை 3,912. மூன்றுமே சரியான எண்கள்தான். தலைப்பில் எதைப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்துச் செய்தியின் கனம் மாறிவிடும்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இடத்தில் 5,177 என்று இருக்கும், இன்னோர் இடத்தில் 3,748. முதலாவது ஓய்வு பெற்றவற்றையும் சேர்த்து சிப்ரி போட்ட மதிப்பீடு. இரண்டாவது, 2023 செப்டம்பர் நிலவரமாக அமெரிக்க அரசே 2024 ஜூலையில் வெளியிட்ட ராணுவக் கையிருப்பு. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினால் நோட்டே கெட்டுப்போகும்.

ஒப்பந்தங்களுக்கென்று தனிக் கணக்கு முறையும் இருக்கும். அமெரிக்காவும் ரஷ்யாவும் 2010இல் கையெழுத்திட்ட நியூ ஸ்டார்ட் என்ற அணு ஆயுத வரம்பு ஒப்பந்தப்படி ஒரு கனரக குண்டுவீச்சு விமானம் ஒரே ஒரு வெடிமுனையாகக் கணக்கில் வந்தது. ஆனால் பி-52 ரக விமானம் ஒன்றில் 20 குரூஸ் ஏவுகணை (விமானம் போலத் தாழப் பறந்து போகும் ஏவுகணை) வரை ஏற்ற முடியும். ஆகவே "1,550" என்ற ஒப்பந்த உச்சவரம்பைப் பார்த்ததும் அவ்வளவுதான் குண்டு என்று எழுதிவிடக் கூடாது.

படி 3: சொன்னவர்கள் எப்போது வாயை மூடினார்கள்

எண் சொன்ன நாடுகளிலிருந்து தொடங்குங்கள். வேலை எளிது, முதல் ஞாயிறே முடிந்துவிடும்.

அமெரிக்கா 2010 மே 3 அன்று தன் கையிருப்பு 5,113 என்று அறிவித்தது. 1967இல் 31,255 வரை போயிருந்தது என்ற பழைய கணக்கையும் சேர்த்தே வெளியிட்டது. வானம் இடிந்து விழவில்லை. எதிரி யாரும் அதனால் லாபம் அடைந்ததாகவும் தெரியவில்லை. பிறகும் சில முறை வந்த எண்ணை 2019இல் தர மறுத்தார்கள். 2021 அக்டோபரில் திரும்பவும் திறந்து 3,750 என்றார்கள். திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது: மூன்றுக்கும் தேதி போட்டு எழுதுங்கள்.

பிரிட்டன் பக்கத்தை எழுதும்போது எனக்கு மனசு கனத்தது. 2010இல் மொத்தக் கையிருப்பு 225க்கு மேல் இல்லை என்றும், 2020களின் நடுவில் 180 ஆகக் குறைப்போம் என்றும் சொன்ன நாடு அது. 2021 மார்ச்சில் வந்த பாதுகாப்பு மறுஆய்வு அறிக்கை உச்சவரம்பை 260 ஆக உயர்த்தியது. அதே அறிக்கையிலேயே, தயார்நிலையில் எத்தனை, ஏவுகணை எத்தனை என்று இனிமேல் சொல்ல மாட்டோம் என்றும் அறிவித்தது. கூட்டுவதாகச் சொன்னதும் எண்ணை மறைப்பதாகச் சொன்னதும் ஒரே நாளில், ஒரே காகிதத்தில். ஆறாவது கட்டம் எதற்கு என்று பிள்ளைகள் கேட்டால் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன்.

பிரான்ஸ் அதிபர் ஒலாந்து 2015 பிப்ரவரியில் இஸ்த்ர் விமானத் தளத்தில் பேசும்போது 300 வெடிமுனை, நீர்மூழ்கிகளுக்குப் பதினாறு பதினாறாக மூன்று தொகுதி ஏவுகணை, விமானத்துக்கு 54 ஏவுகணை என்று பிரித்துச் சொன்னார். குண்டுக்கான மூலப்பொருள் தயாரித்த ஆலைகளைக் கலைத்ததை வெளிநாட்டு வல்லுநர்களையும் பத்திரிகையாளர்களையும் அழைத்துக் காட்டியதும் அந்த நாடுதான். அதன் பிறகு வந்த அதிபர் உரைகளை நீங்களே தேடி, மாற்றம் இருந்தால் தேதியோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: எண் சொல்லாதவர்களின் பேச்சை எடை போடுங்கள்

இங்கேதான் பொறுமை வேண்டும். மறைப்பதிலேயே ஐந்து விதம் உண்டு.

சீனா 1964இல் முதல் சோதனை நடத்திய நாளிலிருந்து, அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று சொல்லி வருகிறது. எண் மட்டும் வெளிவராது. அவர்கள் சொல்லும் காரணத்தையும் நேர்மையாக எழுதிக்கொள்ள வேண்டும்: ஆயிரக்கணக்கில் வைத்திருப்பவனிடம் சில நூறு மட்டும் வைத்திருப்பவன் எண்ணையும் இடத்தையும் சொல்லிவிட்டால், முதல் அடியிலேயே அத்தனையும் போய்விடும், ஆகவே எண்ணிக்கையைவிட எண்ணம் என்ன என்பதில் வெளிப்படையாக இருப்பதே பெரிது என்பது அவர்கள் வாதம். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 2004இல் சீன வெளியுறவுத் துறை, அணு ஆயுத நாடுகளில் எங்களிடம்தான் மிகக் குறைவு என்று எழுதியிருக்கிறது. 2025 ஜனவரிக்கு சிப்ரி போட்ட கணக்கில் சீனாவிடம் குறைந்தது 600. பிரான்சிடம் 290, பிரிட்டனிடம் 225. பழைய வாக்கியம் எந்த நாளில் உண்மை இல்லாமல் போனது என்று பெய்ஜிங் யாருக்கும் சொல்லவில்லை.

எப்படித் தெரிந்தது? 2021 கோடையில் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும் செயற்கைக்கோள் படங்களில் யூமென் நகருக்கு அருகே பாலைவனத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மணலுக்கு நடுவே, சீரான இடைவெளியில், கல்யாணப் பந்தல் போல வெள்ளைக் கூடாரங்கள். கீழே நடக்கும் தோண்டலை மேலிருந்து பார்க்க முடியாமல் மறைக்கப் போட்ட குவிமாடங்கள் அவை. எண்ணிப் பார்த்தால் சுமார் 120 நிலத்தடி ஏவுகுழிகள். சில வாரங்களில் ஹாமி அருகே இன்னொரு ஏவுகுழித் தொகுதி தெரிந்தது. மறைக்கப் போட்ட துணியே காட்டிக் கொடுத்தது. அந்தக் குழிகள் எல்லாவற்றிலும் ஏவுகணை இருக்கிறதா என்பதைக் கூடாரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது; நோட்டில் "குழி" என்று எழுதுங்கள், "ஏவுகணை" என்று எழுதாதீர்கள்.

மறைப்பு எதிராளியின் பயத்தை எப்படி வளர்க்கும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. 1960 அமெரிக்கத் தேர்தலில் சோவியத் யூனியனிடம் ஏவுகணைகள் குவிந்துவிட்டன, நாம் பின்தங்கிவிட்டோம் என்பது பெரிய பிரசாரம். உளவுச் செயற்கைக்கோள் படங்கள் கிடைத்த பிறகு, 1961 செப்டம்பரில் அமெரிக்க உளவு மதிப்பீடு அந்த நெடுந்தூர ஏவுகணைகளை 10 முதல் 25 என்று குறைத்தது. அதற்குள் பயத்தில் போட்ட திட்டங்கள் ஓடத் தொடங்கிவிட்டன.

ரஷ்யா கொள்கையை எழுத்தில் வெளியிடுகிறது. 2020 ஜூனில் ஒன்று, 2024 நவம்பரில் திருத்தியது ஒன்று. எந்தச் சூழலில் பயன்படுத்துவோம் என்பதை முதலாவதைவிட இரண்டாவது அகலமாக்கியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து, மாறிய சொற்களை அடிக்கோடிடுங்கள். ஒரு மாலை நேரம் ஆகும், ஆனாலும் செய்யுங்கள். எண்ணைப் பொறுத்தவரை நியூ ஸ்டார்ட்டில் தன் பங்கேற்பை 2023இல் நிறுத்தி வைக்கும்வரை வாஷிங்டனுக்குச் சொன்னது. உலகத்துக்கு மொத்தக் கையிருப்பைச் சொல்வதில்லை.

பாகிஸ்தான் முழுக் கோட்பாட்டை வெளியிட்டதில்லை. 2002இல் அந்நாட்டின் அணு ஆயுத நிர்வாகத்துக்குத் தலைமை வகித்த ஜெனரல் காலித் கித்வாய் இத்தாலிய ஆய்வாளர்களிடம் நான்கு சூழல்களைச் சொன்னார்: பெரும் நிலப்பரப்பை இழப்பது, படையின் பெரும்பகுதி அழிவது, பொருளாதாரத்தை நெரிப்பது, உள்நாட்டில் நிலைகுலைய வைப்பது. எல்லை எங்கே என்று வேண்டுமென்றே தெளிவாக்காத பேச்சு அது. "யார் சொன்னது" கட்டத்தில் "ஒரு அதிகாரி, பேட்டியில்" என்று எழுதுங்கள். "அரசின் கோட்பாடு" என்று எழுதினால் தவறு.

இஸ்ரேல் இருக்கிறது என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. மத்திய கிழக்கில் அணு ஆயுதத்தை முதலில் கொண்டுவரும் நாடாக இருக்க மாட்டோம் என்ற ஒரே வாக்கியத்தைப் பல பத்தாண்டுகளாகச் சொல்கிறது. டிமோனா அணு மையத்தில் வேலை பார்த்த மொர்தெகாய் வனுனு 1986இல் லண்டன் பத்திரிகைக்குப் படங்களோடு விவரம் கொடுத்தார். 18 ஆண்டு சிறையில் இருந்து 2004இல் வெளியே வந்தார். ஒரு நாட்டின் பக்கத்தில் அரசு சொன்னது ஒரு வரி, ஒரு தனி மனிதன் சொன்னது அரைப் பக்கம் என்று இருந்தால், அந்த மனிதன் கொடுத்த விலையையும் ஓரத்தில் எழுதி வைப்பது நம் கடமை என்று நினைக்கிறேன்.

வட கொரியா அணிவகுப்பில் காட்டும், படம் வெளியிடும், 2022 செப்டம்பரில் சட்டமே இயற்றிவிட்டது. 2024 செப்டம்பரில் யுரேனியம் செறிவூட்டும் கூடத்தின் படங்களையும் காட்டியது. இவ்வளவு காட்டுகிறதே, வெளிப்படையான நாடு என்று எழுதலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஐந்தாவது கட்டத்தைப் பாருங்கள். போய்ச் சரிபார்க்க யாருக்கும் அனுமதி இல்லை. அது பயமுறுத்தக் காட்டுவது.

படி 5: நேரில் பார்த்தவர் இருக்கிறாரா

அரசு சொன்ன எண்ணும் வெறும் சொல்தான், இன்னொருவர் போய்ப் பார்க்காத வரை. நியூ ஸ்டார்ட்டின் பலமே அதில்தான் இருந்தது. ஆண்டுக்கு 18 முறை இரு நாட்டு ஆய்வாளர்களும் எதிராளியின் தளத்துக்கே போய்ப் பார்க்கலாம். மார்ச்சிலும் செப்டம்பரிலும் எண்களைப் பரிமாறிக்கொள்வார்கள். 2022 செப்டம்பர்க் கணக்கில் ரஷ்யாவிடம் தயார்நிலையில் இருந்த வெடிமுனைகள் 1,549, அமெரிக்காவிடம் 1,420.

இனி நிறுத்தின தேதிகள். 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நேரடிச் சோதனை நின்றது. 2023 பிப்ரவரியில் ரஷ்யா தன் பங்கேற்பை நிறுத்தி வைத்தது. 2026 பிப்ரவரி 5 அன்று ஒப்பந்தத்தின் காலமே முடிந்தது. இந்த மூன்று வரியை எழுதும்போது ஒன்று புரியும்: ஒரே நாளில் இருட்டாகவில்லை, விளக்கு ஒவ்வொன்றாக அணைந்தது.

எதிர் உதாரணமும் வேண்டும். தென்னாப்பிரிக்க அதிபர் டி கிளர்க் 1993 மார்ச் 24 அன்று நாடாளுமன்றத்தில், நாங்கள் ரகசியமாக ஆறு குண்டுகள் செய்தோம், அவற்றைப் பிரித்துவிட்டோம் என்றார். சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்களுக்குப் பழைய உற்பத்திப் பதிவேடுகளையும் ஆலைகளையும் திறந்துவிட்டார்கள். உற்பத்தியான யுரேனியம் இவ்வளவு, இருப்பு இவ்வளவு, கணக்கு ஒட்டுகிறதா என்று அவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். வெளிப்படைத்தன்மை என்றால் முழு உருவத்தில் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு நினைவுக்கு வருவது இதுதான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பத்தாவது நாடாக இதைச் சேருங்கள்.

படி 6: யாரிடம் சொன்னார்கள்

இந்தியாவும் பாகிஸ்தானும் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. அவற்றைத் தாக்கக் கூடாது என்று 1988 டிசம்பர் 31 அன்று போட்ட ஒப்பந்தத்தின்படி 1992இல் தொடங்கியது. 2025 ஜனவரி 1 பரிமாற்றம் 34ஆவது. கார்கில் போர் நடந்த 1999க்குப் பிறகும் நின்றதில்லை. புல்வாமாவுக்குப் பிறகும் நின்றதில்லை. இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அந்தப் பட்டியல் சென்னைவாசியான எனக்குக் கிடைக்காது. பரிமாறிக்கொண்டோம் என்ற செய்தி மட்டும் வெளிவரும். எதிரி அரசுக்குத் தெரிந்தது சொந்தக் குடிமகனுக்குத் தெரியாது. அதனால்தான் "யாரிடம்" என்ற கட்டத்தை வைத்தேன். எதிரிக்குச் சொல்வது போரைத் தவிர்க்க, உலகுக்குச் சொல்வது நம்பிக்கைக்கு, குடிமக்களுக்குச் சொல்வது ஜனநாயகத்துக்கு. ஒன்று இருப்பதை வைத்து மற்ற இரண்டும் இருப்பதாக எழுதாதீர்கள்.

2005இல் இன்னொரு ஒப்பந்தம்: பாலிஸ்டிக் ஏவுகணையை (மேலே உயர எறியப்பட்டு வளைந்து வந்து விழும் ஏவுகணை) சோதிக்கும் முன் குறைந்தது மூன்று நாள் முன்னதாக ஒருவருக்கொருவர் தகவல் தர வேண்டும். "பாலிஸ்டிக்" என்ற சொல்லைக் கவனியுங்கள். 2022 மார்ச் 9 மாலை இந்தியாவிலிருந்து ஒரு பிரமோஸ் குரூஸ் ஏவுகணை தவறுதலாகப் பறந்து பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. மறுநாள் பாகிஸ்தான் ராணுவம் செய்தியாளர்களைக் கூட்டிச் சொன்னது. நம் பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிக்கை 11ஆம் தேதிதான் வந்தது. தொழில்நுட்பக் கோளாறால் தற்செயலாக ஏவப்பட்டது, விசாரணைக்கு உத்தரவிட்டுள்ளோம் என்றது. ஆகஸ்டில் விமானப்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. குரூஸ் ஏவுகணை 2005 ஒப்பந்தத்தில் இல்லை. தவறு நடந்த அந்த மாலைக்கும் நம் அரசு வாய் திறந்ததற்கும் இடையில் இரண்டு இரவுகள். இரண்டு அணு ஆயுத நாடுகளுக்கு நடுவில் அது நீளமான நேரம்.

தகவல் சொன்னாலும் உரிய ஆளுக்குப் போய்ச் சேர வேண்டும். 1995 ஜனவரி 25 அன்று நார்வே துருவ ஒளியை ஆராய ஒரு ராக்கெட் விட்டது. ரஷ்யாவுக்கு முன்பே கடிதம் போயிருந்தது. ராடாரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது போகவில்லை. அணு ஆயுதத்தை ஏவ உத்தரவிடுவதற்காக அதிபர் யெல்த்சின் கூடவே இருக்கும் பெட்டி திறக்கப்பட்டது. சில நிமிடங்களில் ராக்கெட் வேறு பக்கம் போவது தெரிந்து அடங்கியது.

படி 7: வங்கக் கடல் அறிவிப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இது நம் கைக்கு எட்டும் வேலை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில் பழவேற்காட்டு மீனவர்களுக்குக் கடலுக்குப் போகாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்வார்கள். ஏவுகணைச் சோதனைக்கும் அதே வழிதான். விமானிகளுக்கு நோட்டாம் என்ற அறிவிப்பு, கப்பல்களுக்குக் கடல் எச்சரிக்கை. நம் பகுதிக் கடல் எச்சரிக்கைகளை ஒருங்கிணைப்பது டேராடூனில் உள்ள தேசிய நீர்ப்பரப்பு வரைவியல் அலுவலகம். வங்கக் கடலின் பெரும்பகுதி வான்வெளி சென்னை விமானத் தகவல் மண்டலத்தில் வருகிறது.

நோட்டாமில் நேரம் பத்து இலக்கமாக இருக்கும். 2401150330 என்று இருந்தால் முதல் இரண்டு ஆண்டு, அடுத்து மாதம், நாள், மணி, நிமிடம்: 2024 ஜனவரி 15, 03:30. அது கிரீன்விச் நேரம். ஐந்தரை மணி கூட்டினால் நம் காலை 9 மணி. பிறகு இடம். வடக்கே 2045, கிழக்கே 08705 என்றால் 20 பாகை 45 நிமிடம், 87 பாகை 5 நிமிடம். வரைபடத்தில் குத்திப் பாருங்கள், ஒடிசா கரையில் அப்துல் கலாம் தீவின் மேல் விழும். கொடுத்திருக்கும் எல்லா முனைகளையும் இணைத்தால் கடலில் ஒரு நீண்ட பட்டை வரும். அதன் நீளத்தை அளந்து எழுதுங்கள்.

இங்கே ஒரு வேண்டுகோள். அறிவிப்பில் ஏவுகணையின் பெயர் இருக்காது. பட்டையின் நீளமும் ஏவுகணையின் உண்மையான தூரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சோதனை ரத்தாகவும் கூடும். "போர் வருது" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். சோதனை நடந்த பிறகு பாதுகாப்பு அமைச்சகம் வெளியிடும் அறிக்கையோடு சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம். 2024 மார்ச் 11 அன்று பல வெடிமுனைகளைத் தாங்கும் அக்னி-5 சோதனையை அரசே அறிவித்தது. அதைக் கொள்கைப் பக்கத்திலும் எழுதுங்கள். ஒரு ஏவுகணை பல குண்டு சுமக்கும் நிலை வந்தால் ஏவுகணையை எண்ணிக் குண்டை ஊகிக்கும் வெளியாரின் வேலை இன்னும் கடினமாகும்.

படி 8: நம் வீட்டுப் பக்கம்

இந்தியாவின் பக்கத்தை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். மற்ற நாடுகளைப் பார்த்த கண்ணோடு பார்த்தால்தான் நியாயமாக எழுத வரும்.

கொள்கை: 1999 ஆகஸ்டில் ஒரு வரைவு. 2003 ஜனவரி 4 அன்று அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு வெளியிட்ட சுருக்கமான செய்திக்குறிப்பு. நம்பத்தகுந்த குறைந்தபட்சத் தடுப்பு வலிமை, முதலில் பயன்படுத்த மாட்டோம், தாக்கினால் பதிலடி மிகப் பெரியதாக இருக்கும், ரசாயன அல்லது உயிரி ஆயுதத்தால் பெருந்தாக்குதல் நடந்தால் அணு ஆயுதப் பதிலடிக்கு வாய்ப்பு உண்டு, முடிவெடுப்பது பிரதமர் தலைமையிலான அரசியல் குழு. 2019 ஆகஸ்ட் 16 அன்று பொக்ரானில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், இதுவரை முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பதில் உறுதியாக இருக்கிறோம், எதிர்காலத்தில் என்ன என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்று பதிவிட்டார். 2003 குறிப்பு திரும்பப் பெறப்படவில்லை. இரண்டையும் தனித்தனி வரியாக, தனித்தனித் தேதியோடு எழுதுங்கள்.

எண்: காலி. அந்தக் கட்டத்தில் 180ஐ எழுத வேண்டாம், கீழே "வெளியார் மதிப்பீடு" என்று கோடு போட்டு எழுதுங்கள். மதிப்பீட்டை எப்படிப் போடுகிறார்கள் என்பதையும் குறியுங்கள். மும்பை டிராம்பேயில் உள்ள துருவா அணு உலை குண்டுக்கான மூலப்பொருளான புளூட்டோனியத்தை எவ்வளவு தந்திருக்கும், ஒரு குண்டுக்கு எத்தனை கிலோ வேண்டும், ஏவுகணைகளும் விமானங்களும் எத்தனை என்று ஒவ்வொன்றையும் ஊகித்து வருவது. நடுவில் ஓர் ஊகத்தை மாற்றினால் விடையும் மாறும்.

சரிபார்ப்பு: இது சென்னைக்காரர்களுக்கு நெருக்கமான கட்டம். 2006இல் இந்தியா தன் அணு நிலையங்களைக் குடிமைப் பயன்பாட்டுக்கு என்றும் மற்றவை என்றும் பிரித்தது. 22 மின் உலைகளில் 14 சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்புக்கு வந்தன. கூடங்குளம் உள்ளே. நம் வீட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் சுமார் 70 கி.மீ.யில் உள்ள கல்பாக்கத்தின் இரண்டு மின் உலைகளும் வெளியே. அங்கே கட்டிய 500 மெகாவாட் அதிவேக ஈனுலையும் (எரிப்பதைவிட அதிக அணு எரிபொருளை உண்டாக்கும் உலை) வெளியே. மாமல்லபுரத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் சாலையின் அடுத்த நிறுத்தம் அது. வெளியே இருப்பதாலேயே ஆயுதத்துக்கு என்று முடிவு கட்டக் கூடாது. வெளியிலிருந்து வந்து பார்த்து, ஆயுதத்துக்குப் போகவில்லை என்று சொல்லக்கூடியவர் யாரும் இல்லை, அவ்வளவுதான். அதை அப்படியே எழுதுங்கள்.

கேள்வி கேட்க நமக்கு இரண்டு வழி. முதலாவது நாடாளுமன்றக் கேள்வி பதில்கள். நாடாளுமன்ற இணையதளத்தில் அணுசக்தித் துறை, பாதுகாப்பு அமைச்சகம் என்று தேர்ந்து தேடலாம். சென்னையின் மூன்று தொகுதி உறுப்பினர்களில் உங்களவருக்கு ஒரு கடிதம் போட்டு ஒரே ஒரு குறுகிய கேள்வி கேட்கச் சொல்லலாம். "எத்தனை குண்டு" என்று கேட்டால் தேச நலன் என்று பதில் வரும். "2003க்குப் பிறகு கோட்பாடு மறுஆய்வு செய்யப்பட்டதா, ஆம் எனில் எந்த ஆண்டு" என்று கேளுங்கள். அதில் ரகசியம் எதுவும் வெளியே போகாது.

இரண்டாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். நான் ஒருமுறை டெல்லியில் ஒரு துறைக்கு 2003 கோட்பாட்டின் முழு வாசகம் கேட்டு எழுதினேன். இரண்டு வரியில், நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் தகவலைத் தர வேண்டியதில்லை என்னும் பிரிவு 8(1)(அ)வைக் காட்டி மறுத்துவிட்டார்கள். மேல்முறையீடும் போட்டேன், அதே பதில். இரண்டு நாள் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு அந்தக் கடிதத்தின் தேதியையும் எண்ணையும் நோட்டில் எழுதினேன். மறுப்பும் ஒரு ஆவணம். ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ இந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் புகார் தவிர மற்றவற்றுக்குப் பதில் தர வேண்டிய கட்டாயம் இல்லை. அங்கே அனுப்பிக் காத்திருக்காதீர்கள்.

படி 9: நோட்டை உயிரோடு வைத்திருங்கள்

ஒரு மாதம் எழுதிவிட்டு மூடி வைத்தால் பயனில்லை. சிப்ரி ஆண்டறிக்கை ஜூனில் வரும். அப்போது மதிப்பீட்டு வரிகளை மட்டும் புதுப்பியுங்கள், பழையதை அடிக்காமல் கீழே எழுதுங்கள். அமெரிக்க அணு அறிவியலாளர் பத்திரிகையில் 1987 முதல் வரும் நாடுவாரிக் கட்டுரைகள் கையில் கிடைத்தால் மதிப்பீடு போட்ட விதத்தை அதில் படிக்கலாம். நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடிந்ததும் ஒருமுறை கேள்வி பதில்களைத் தேடுங்கள்.

எங்கள் வகுப்பில் ஜனவரி 1 அன்று காலையில் கோலம் போட்டு முடித்த கையோடு யாராவது ஒருவர் வெளியுறவு அமைச்சகத்தின் செய்திக்குறிப்பைப் பார்த்துக் குழுவில் போட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அணு நிலையப் பட்டியல் பரிமாறப்பட்டது என்று இரண்டு பத்திதான் இருக்கும். அது எத்தனையாவது பரிமாற்றம் என்ற எண்ணை நோட்டில் ஏற்றிவிடுகிறோம். ஏதோ ஒரு ஜனவரியில் மாலைவரை பார்த்தும் அந்தக் குறிப்பு வரவில்லை என்றால், ஆறாவது கட்டத்தில் அன்றைய தேதியை எழுதுங்கள்.